மணியின் அரிப்புக்குச் செட்டிரிசின்: என் அனுபவம்
காங்கயம் பக்கம் எங்கள் தோட்டத்துச் சாளையில் இருக்கும் எங்கள் நாய் மணிக்கு, மழை ஓய்ந்து பார்த்தீனியக் களை பூத்ததும் அரிப்பு பிடித்துக்கொண்டது. நக்கி நக்கி விரலிடுக்கு முடியே செம்பட்டையாகிவிட்டது.

வீட்டிலிருந்த சளி மாத்திரையைக் கையில் எடுத்துவிட்டேன். நல்லவேளை, கால்நடை மருத்துவரை முதலில் கேட்டேன்.

“அட்டையில என்னன்னு படிங்க அம்மிணி.”

செட்டிரிசின் என்ற ஒவ்வாமை மருந்தோடு, காய்ச்சலுக்கான பாராசிட்டமாலும் மூக்கடைப்புக்கான பினைலெஃப்ரினும் இருந்தன.

“ஐயோ, அது ஆகாதுங்க! பாராசிட்டமால் ஈரலைக் கெடுத்துரும், இன்னொண்ணு ரத்த அழுத்தத்தை ஏத்திரும். வெறும் செட்டிரிசின் வாங்குங்க. சிரப் வேண்டாம், சைலிட்டால்ங்கிற இனிப்பு கலந்திருந்தா நாய்க்கு விஷமுங்க.”

மணி 10 கிலோ. சிறுநீரகக் கோளாறு ஏதுமில்லை என்று பார்த்த பிறகே, நாளுக்கு ஒரு 10 மில்லிகிராம் மாத்திரை என்றார். ராகிக்களி உருண்டைக்குள் வைத்துக் கொடுத்தேன். கொஞ்சம் தூங்கி வழிந்தான். அப்புறம் தினமும் கால் கழுவித் துடைத்தேன். ஐந்தாம் நாள் நக்குவது குறைந்தது.