முதுகின் அடித்தசையைத் தொட்டு அறிந்து வேலை வாங்குவது எப்படி?

மட்டன் சாப்ஸ் சாப்பிட்டிருப்பீர்கள். பெரிய சதையைத் தின்று முடித்த பிறகும், எலும்பின் முள்ளை ஒட்டிக் கொஞ்சம் கறி மிஞ்சும். பல்லால் இழுத்தால் சாய்வாக, நார்நாராக உரிந்து வரும். நம் முதுகில் அந்த இடத்தில் இருக்கும் தசைக்கு மல்டிஃபிடஸ் என்று பெயர். லத்தீனில் 'பலவாகப் பிளந்தது' என்று பொருள். பொருத்தமான பெயர்தான். இது ஒரே தசை அல்ல, கீற்றுகளின் வரிசை.

நடுமுதுகில் கைக்குத் தட்டுப்படும் மேடுகள் முள் நீட்சிகள். அவற்றின் இருபுறமும் வாய்க்கால் மாதிரி ஓடும் பள்ளத்தில், கழுத்தின் இரண்டாவது முள்ளெலும்பு முதல் முதுகெலும்பின் அடியில் உள்ள முக்கோண எலும்பான திருவெலும்பு வரை இது கிடக்கிறது. ஒவ்வொரு கீற்றும் கீழே எலும்பின் பக்கவாட்டில் தொடங்கி, நடுவை நோக்கிச் சாய்ந்து ஏறி, 2 முதல் 4 எலும்பு தாண்டி ஒரு முள் நீட்சியைப் பிடிக்கும். இடுப்பின் அடிப்பகுதியில்தான் நல்ல பருமன்.

இதன் வேலை புரிய நெல்லையப்பர் ஆனித் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். வடம் இழுக்கப் பெருங்கூட்டம் இருக்கும். தேர் எங்கே நிற்க வேண்டும், எந்தப் பக்கம் ஒடிக்க வேண்டும் என்பதோ சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர் கையில். முதுகை நிமிர்த்தும் பெரிய தசைக்கூட்டமான எரெக்டர் ஸ்பைனேதான் வடம். ஓர் எலும்பு அடுத்ததன் மேல் நழுவாமல் பார்த்துக்கொள்ளும் முட்டுக்கட்டை மல்டிஃபிடஸ். இதை 'உடம்பைத் திருப்பும் தசை' என்று சிலர் எழுதுவது பாதிதான் சரி. திருப்புவது பெரும்பாலும் வயிற்றின் சாய்தசைகள். அவை திருப்பும்போதே முன்பக்கம் குனியவும் இழுக்கும். அந்தக் குனிவை எதிர்த்துப் பிடிப்பதுதான் இதன் பங்கு.

முதலில் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

நேராக நின்று இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றுங்கள். ஆட்காட்டி விரல்கள் இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் உட்காரட்டும். கட்டைவிரல்களை அதே மட்டத்தில் நடுமுதுகுக்குக் கொண்டுவந்தால், அவை சந்திக்கும் இடம் ஏறக்குறைய இடுப்பின் நாலாவது முள்ளெலும்பு, ஸ்கேன் ரிப்போர்ட்டில் எல்4 என்று போடுவது. அதற்குக் கீழே உள்ள மேடு எல்5. அதிலிருந்து பக்கவாட்டில் 2 செ.மீ. தள்ளிக் கட்டைவிரலை மெதுவாக அழுத்துங்கள். எரெக்டர் இவ்வளவு கீழே வரும்போது பெரும்பாலும் பட்டைநாணாக மெலிந்துவிடும். அதனால் விரலுக்கு அடியில் கிடைப்பது மல்டிஃபிடஸ்தான். இன்னும் மேலே, எல்2 மட்டத்தில் தேடினால் மேலே உள்ள தசைதான் கையில் படும். பலர் தவறுவது இங்கேதான்.

விரலை எடுக்காமல் நின்ற இடத்திலேயே மெதுவாகக் கால் மாற்றி மாற்றித் தூக்குங்கள். இடமும் வலமும் மாறிமாறி இறுகித் தளர்வது தெரியும்.

அடுத்து, படுத்துப் பாருங்கள்

வயிற்றுக்கு அடியில் ஒரு தலையணை வைத்துக் குப்புறப் படுங்கள். வலது கட்டைவிரல் வலப்பக்கத் தசையில் இருக்கட்டும். இடது கையைத் தலைப்பக்கம் மடக்கி வைத்து, தரையிலிருந்து 5 செ.மீ. மட்டும் தூக்குங்கள். விரலுக்கு அடியில் தசை மெல்ல உப்ப வேண்டும். பிறகு கை மாற்றி இடப்பக்கத்தையும் பாருங்கள். ஒரு பக்கம் உப்பி, மறுபக்கம் மொழுமொழுவென்று கிடந்தால் அந்தப் பக்கத்தைக் கவனிக்க வேண்டும். இடுப்பு வலி வந்தவர்களுக்கு வலித்த பக்கத்தில், வலித்த மட்டத்திலேயே இந்தத் தசை சிறுப்பது உண்டு. "வலி போயிட்டு" என்று எழுந்து நடமாடினாலும் தசை தானாகத் திரும்புவதில்லை. அதே இடத்தில் மறுபடி 'வாயு பிடிக்க' இதுவும் ஒரு காரணம்.

கால் மரத்து பலம் குறைந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ கட்டுப்பாடு போனாலோ, ஆசனவாயைச் சுற்றி உணர்வு மங்கினாலோ பயிற்சி எதுவும் வேண்டாம். அன்றைக்கே பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

இனி பயிற்சி

பாயில் முட்டியும் உள்ளங்கையும் ஊன்றி நாலுகாலில் நில்லுங்கள். தோளுக்கு நேர்கீழே கை, இடுப்புக்கு நேர்கீழே முட்டி. இடுப்பின் மேல் ஒரு வெறும் சுளகை (முறத்தை)க் கவிழ்த்து வையுங்கள். வலது காலைத் தரையோடு பின்னால் நீட்டி, முதுகு மட்டத்துக்கு மேல் போகாமல் தூக்கி, 8 முதல் 10 விநாடி நிறுத்துங்கள். மூச்சு சாதாரணமாக ஓடட்டும். பக்கத்துக்கு 6 தடவை. சுளகு ஒரு பக்கம் சரிந்தால் இடுப்பு திரும்பிவிட்டது என்று அர்த்தம். காலைப் பாதி உயரத்துக்கு இறக்குங்கள். ஒரு வாரம் சரியாமல் செய்த பிறகு எதிர்க்கையையும் சேர்த்து நீட்டலாம். காலை உயரத் தூக்குவதால் லாபம் இல்லை. இடுப்பு உள்வளைந்து முள்ளெலும்புகளின் பின்மூட்டுகள்தான் இடிபடும். படுக்கையை விட்டு எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனிந்து செய்யும் எதுவும் வேண்டாம். எலும்புகளுக்கு இடையே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க், இரவில் நீர் ஏறி அப்போது விறைப்பாக இருக்கும். வலி நின்ற பிறகும் 6 வாரமாவது தொடருங்கள்.

சுளகை மடியில் வைத்துக் கூன்போட்டு ஆயிரம் பீடி சுற்றுகிறவர்களுக்கும், பிசான நடவில் நிற்கிறவர்களுக்கும் ஒன்று. வெகுநேரம் குனிந்தே இருந்தால் தசை ஓய்ந்து, பாரம் இணைப்புநார்களில் தொங்கும். அவை இழுபட்டுத் தளரும். எழுந்த உடனே பழைய விறைப்பு வராது. அதனால் உட்காரும்போது பிருஷ்டத்துக்கு அடியில் நாலு விரற்கடை உயரத்துக்கு மணைப்பலகை போடுங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நில்லுங்கள். குடத்தைத் தூக்குவதானால் எழுந்த பிறகு இரண்டு நிமிடம் நடந்துவிட்டுத் தூக்குங்கள்.