பூஜ்யம் வாங்கியவர் வென்றது எப்படி? பாரா பயத்லானில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாரா பயத்லான் முடிவுப் பட்டியலை முதன்முறை பார்ப்பவர் சற்றுத் திகைத்துத்தான் போவார். முதலிடம் பெற்ற பெண்ணின் பெயருக்கு எதிரே 0+0 என்று இருக்கும். பத்தாவதாக வந்தவருக்கு 3+2. பூஜ்யம் எடுத்தவருக்கு எப்படித் தங்கப் பதக்கம் கொடுத்தார்கள்? அந்த எண்கள் மதிப்பெண்கள் அல்ல, தவறவிட்ட குண்டுகள். ஒவ்வொரு முறை சுடுதளத்துக்கு வரும்போதும் ஐந்து குண்டுகள். கூட்டல் குறிக்கு முன்னால் இருப்பது முதல் முறை தவறவிட்டவை, பின்னால் இருப்பது இரண்டாம் முறை. பூஜ்யத்தைப் பார்த்து இரக்கப்படுவது இந்த விளையாட்டில் செய்யக்கூடிய முதல் தவறு.

இரண்டாவது குழப்பம் பெயரிலேயே இருக்கிறது. நம் ஊரில் நீச்சலும் ஓட்டமும் சேர்ந்த போட்டிகளைச் சிலர் பயத்லான் என்கிறார்கள். இங்கே பேசுவது அதையல்ல. பனிச்சறுக்கும் துப்பாக்கி சுடுதலும் மாறி மாறி வரும் குளிர்காலப் போட்டி இது. அதேபோல, பாராலிம்பிக்கையும் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸையும் ஒன்றாக்கி எழுதுவதும் அடிக்கடி நடக்கிறது. ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான தனி இயக்கம். பாரா பயத்லானில் போட்டியிடுபவர்கள் உடல் குறைபாடோ பார்வைக் குறைபாடோ உள்ளவர்கள்.

அவர்களை உட்கார்ந்து சறுக்குவோர், நின்று சறுக்குவோர், பார்வைக் குறைபாடு உள்ளோர் என மூன்று பிரிவுகளாக வைத்திருக்கிறார்கள். இங்கேதான் மொழிபெயர்ப்பு சறுக்கிவிடுகிறது. ‘நின்றுகொண்டு சுடும் பிரிவு’ என்று எழுதிவிடுகிறோம். நிற்பது சறுக்கும்போது மட்டும்தான். சுடும்போது நின்று சறுக்குபவரும் குப்புறப் படுத்துத்தான் சுடுகிறார். உட்கார்ந்து சறுக்குபவர், இரண்டு பனிச்சறுக்குப் பலகைகள் மேல் பொருத்திய இருக்கைச் சட்டகத்தோடு சாய்ந்து படுத்துச் சுடுகிறார். முதுகில் துப்பாக்கியைச் சுமந்து வருவது மாற்றுத்திறனாளி அல்லாதோரின் பயத்லான் வழக்கம். பாரா பயத்லானில் துப்பாக்கி சுடுதளத்திலேயே காத்திருக்கும்.

இலக்கு 10 மீட்டர் தொலைவில் இருக்கிறது. ‘பத்து மீட்டர்தானா!’ என்று உதட்டைப் பிதுக்குவதற்கு முன் அதன் அளவைப் பாருங்கள். உடல் குறைபாடு உள்ளோருக்கான இலக்கின் விட்டம் 13 மில்லிமீட்டர், சட்டைப் பொத்தானைவிடச் சற்றே பெரியது. மாற்றுத்திறனாளி அல்லாதோரின் பயத்லானில் 50 மீட்டர் தொலைவில், படுத்துச் சுடும்போது 45 மில்லிமீட்டர் இலக்கு. கணக்குப் போட்டுப் பார்த்தால் பாரா இலக்கு கண்ணுக்குச் சற்றுப் பெரிதாகத்தான் தெரியும், ஒப்புக்கொள்ளலாம். ஆனால் உட்கார்ந்து சறுக்கும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். ஏற்றங்கள் உட்பட முழுத் தூரத்தையும் அவர் கைகளால் கோலை ஊன்றித் தள்ளியே வந்திருக்கிறார். வந்து சேர்ந்ததும், களைத்துப்போன அதே கைகள்தான் துப்பாக்கியை அசையாமல் பிடிக்க வேண்டும். நின்று சறுக்குபவருக்காவது உழைப்பில் பெரும்பங்கு கால்களுக்குப் போய்விடுகிறது.

பார்வையற்றவர்கள் எப்படிச் சுடுகிறார்கள் என்பதற்கு ‘உள்ளுணர்வால்’ என்று கவித்துவமாக ஒரு பதில் உலவுகிறது. அது பொய். அவர்கள் காதால் குறி பார்க்கிறார்கள். அவர்களுடையது ஈயக் குண்டு போடும் ஏர் ரைஃபிள் அல்ல, மின்னணுத் துப்பாக்கி. குழல் இலக்கின் மையத்தை நெருங்க நெருங்க ஹெட்ஃபோனில் கேட்கும் ஒலியின் சுருதி ஏறிக்கொண்டே போகும். உச்சத்தைத் தொட்ட கணத்தில் விசையை அழுத்த வேண்டும். மூச்சு வாங்கும்போது சுருதியும் ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்துக்குள் சரியான நொடியைப் பிடிப்பது பழகிப் பழகி வருவது. உள்ளுணர்வின் தலையில் அதைக் கட்டக் கூடாது.

அடுத்தது நேரக் கணக்கு. எல்லைக்கோட்டைக் குறைந்த நேரத்தில் கடந்தவரே வென்றார் என்று எழுதிவிட்டு, மறுநாள் திருத்தம் போட நேரலாம். ஒரே பிரிவுக்குள்ளும் குறைபாட்டின் அளவு வேறுபடும் என்பதால் ஒவ்வொரு உட்பிரிவுக்கும் ஒரு சதவீதம் உண்டு; எடுத்துக்கொண்ட நேரத்தில் அந்தச் சதவீதம் மட்டுமே கணக்கில் ஏறும். உட்கார்ந்து சறுக்குவோரில் உடற்பகுதியின் மீதும் கட்டுப்பாடு இல்லாத எல்டபிள்யூ10 என்னும் உட்பிரிவின் வீராங்கனைக்கு நெடுங்காலமாக 86 சதவீதம். இடுப்புக்கு மேல் முழு வலிமை உள்ள எல்டபிள்யூ12க்கு 100. முன்னவர் 30 நிமிடம் எடுத்துக்கொண்டால் கணக்கில் ஏறுவது 25 நிமிடம் 48 விநாடி. பின்னவர் 27 நிமிடத்தில் முடித்தாலும் பின்தங்கிவிடுவார். இதைச் ‘சலுகை’ என்று எழுதுகிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. குத்துச்சண்டையில் எடைப் பிரிவைச் சலுகை என்றா சொல்கிறோம்?

தவறவிட்ட குண்டுக்கு என்ன தண்டனை என்பதிலும் கவனம் வேண்டும். ஸ்பிரின்ட் போன்ற குறுகிய ஓட்டங்களில் ஒவ்வொரு தவறுக்கும் ஒரு சிறிய கூடுதல் சுற்று; இன்டிவிஜுவல் என்னும் நீண்ட ஓட்டத்தில் சுற்றுக்குப் பதில் நேரம் சேரும், வழக்கமாக ஒரு நிமிடம்.

படங்களில் பார்வையற்ற வீராங்கனைக்கு முன்னால் போகும் இன்னொருவரை வெட்டிவிடும் பழக்கம் செய்தி அறைகளில் இருக்கிறது. அவர் வழிகாட்டி. இடுப்பில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வளைவு, இறக்கம், திருப்பம் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே போவார். பதக்கம் கிடைத்தால் அவருக்கும் ஒன்று. அவருடைய ஒரு சொல்லுக்கு எவ்வளவு கனம் என்பதற்கு ஜெர்மனியின் வெரீனா பென்ட்டலேயின் கதை போதும். பிறவியிலேயே பார்வையற்ற அவர், 2009இல் நெசல்வாங்கில் நடந்த ஜெர்மன் சாம்பியன்ஷிப்பில் விழுந்தார். வழிகாட்டி இடதையும் வலதையும் மாற்றிச் சொல்லிவிட்டார். பென்ட்டலே பள்ளத்தில் விழுந்ததில் முழங்கால் தசைநார் கிழிந்தது, கல்லீரலில் காயம், ஒரு சிறுநீரகம் போயிற்று. மறு ஆண்டு வான்கூவர் பாராலிம்பிக்கில் புதிய வழிகாட்டி தாமஸ் ஃபிரீட்ரிக்கின் குரலை நம்பி இறங்கி ஐந்து தங்கம் வென்றார், அவற்றில் இரண்டு பயத்லானில். விழுந்த பிறகு இன்னொரு குரலை நம்புவது எவ்வளவு கடினம் என்று யோசித்தால், படத்தில் வழிகாட்டியை வெட்ட யாருக்கும் மனம் வராது.

பெண்கள் போட்டி பிற்பாடு ஒட்டவைத்தது என்று நினைப்பதில் பாதி உண்மை இருக்கிறது. 1988 இன்ஸ்புரூக் குளிர்காலப் பாராலிம்பிக்கில் பயத்லான் அறிமுகமானபோது ஆண்களுக்கு மட்டுமே இடம். பெண்களுக்கு 1994 லில்லேஹாமர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் சுடுதளத்தில் ஆண்களுக்கு இருக்கும் அதே தூரமும் அதே இலக்கும்தான் பெண்களுக்கும். 2018 பியோங்சாங்கில் உட்கார்ந்து சறுக்கும் 6 கிலோமீட்டர் ஓட்டத்தில் கெண்டல் கிரெட்ச் வென்றது, ஒலிம்பிக், பாராலிம்பிக் இரண்டையும் சேர்த்துப் பயத்லானில் அமெரிக்காவின் முதல் தங்கம். இதைப் ‘பாராலிம்பிக்கில் முதல் தங்கம்’ என்று சுருக்கினால் செய்தியின் பாதி போய்விடும்.

அன்று வெள்ளி வென்றவர் ஒக்ஸானா மாஸ்டர்ஸ். அவரைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் உக்ரைனில், செர்னோபில் கதிர்வீச்சில், அனாதை இல்லத்தில் தொடங்கி, அமெரிக்கத் தாயின் தத்தெடுப்பில் நெகிழ்ந்து முடிகின்றன. எல்லாம் உண்மைதான், சொல்ல வேண்டியதும்தான். ஆனால் எத்தனை குண்டுகள் தவறவிட்டார், எந்த ஏற்றத்தில் முந்தினார் என்று ஒரு வரிகூட இருக்காது. படகுப் போட்டியிலும் சைக்கிளிலும் பதக்கம் வென்றுவிட்டு 2022 பெய்ஜிங்கில் மூன்று தங்கமும் நான்கு வெள்ளியும் எடுத்தவரை விளையாட்டுப் பக்கத்தில் விளையாட்டு வீராங்கனையாகவே எழுதலாம்.

அவர் பெயரோடு சேர்ந்த இன்னொரு பொறியும் உண்டு. பியோங்சாங்குக்கு மூன்று வாரம் முன்பு அவருக்கு முழங்கை பிசகியிருந்தது. அங்கே 10 கிலோமீட்டர் பயத்லானில் விழுந்து பாதியில் விலகினார். பட்டியலில் அவருக்கு எதிரே நேரம் இல்லை, டிஎன்எஃப் என்ற எழுத்துகள் மட்டும். அதற்கு ‘முடிக்கவில்லை’ என்று பொருள். ‘தோற்றார்’ என்றோ ‘தகுதி நீக்கம்’ என்றோ மொழிபெயர்த்துவிடக் கூடாது. தகுதி நீக்கத்துக்கு டிஎஸ்க்யூ என்று வேறு எழுத்துகள் இருக்கின்றன.