ஒத்தெல்லோவை மேடையேற்றுகிறீர்களா? கைக்குட்டை யார் கையில் இருக்கிறதென்று முதலில் பாருங்கள்

ஷேக்ஸ்பியரின் ‘ஒத்தெல்லோ’வைக் கையில் எடுக்கும் குழு, வசன மனப்பாடத்துக்கு முன்பே ஒரு தாளில் கைக்குட்டை போகும் வழியை எழுதிவிட வேண்டும்: ஒத்தெல்லோ, அவன் மனைவி டெஸ்டிமோனா, தரை, டெஸ்டிமோனாவின் பணிப்பெண் எமிலியா, எமிலியாவின் கணவன் இயாகோ, ஒத்தெல்லோவின் துணைத்தளபதி காசியோவின் அறை, காசியோவின் காதலி பியாங்கா, மறுபடி காசியோ. டெஸ்டிமோனாவுக்குக் காசியோவோடு தொடர்பு என்று ஒத்தெல்லோவை நம்பவைக்க இயாகோ பயன்படுத்துவது இந்தத் துணியைத்தான். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு கேள்விகள்: இவர் இதை யாருடைய பொருளாக நினைக்கிறார்? இதைப் பற்றி யாரிடம் என்ன பொய் சொல்கிறார்? பொய் இயாகோவின் வாயிலிருந்து மட்டும் வரவில்லை என்பது அப்போதே தெரிந்துவிடும்.

அடுத்து, பெண்ணை உடைமையாகப் பேசும் வரிகளை அடிக்கோடிடுங்கள். முதல் காட்சியிலேயே இயாகோ “திருடர்கள்!” என்று கூவி, வீட்டையும் மகளையும் பணப்பைகளையும் ஒரே மூச்சில் சொல்கிறான். டெஸ்டிமோனாவின் தந்தை பிரபான்ஷியோவும் மகள் களவு போனதாகவே முறையிடுகிறார். “அப்பனை ஏமாற்றியவள் உன்னையும் ஏமாற்றலாம்” என்று மருமகனை எச்சரித்துவிட்டுப் போகிறார். மூன்றாம் அங்கத்தில் இயாகோ அதே வாதத்தை எடுத்துத்தான் ஒத்தெல்லோவைக் குத்துகிறான். ஆகவே பிரபான்ஷியோவின் எச்சரிக்கையைப் போகிறபோக்கில் சொல்ல விடாதீர்கள். அரங்கின் கடைசி வரிசைக்கும் அது போய்ச் சேர வேண்டும்.

அதிக ஒத்திகை கேட்பது மூன்றாம் அங்கம், மூன்றாம் காட்சி. தலைவலி என்கிற கணவனின் நெற்றியில் டெஸ்டிமோனா துணியைக் கட்டப் பார்க்கிறாள். சிறியது என்று அவன் மறுக்க, துணி விழுகிறது. “விட்டுவிடு” என்று சொல்பவனும் அவனே. துணி விழும்போது அவள் கண் அவன் முகத்தில் இருக்கட்டும். கீழே பார்த்தால் மொத்தக் கதையும் கெட்டது. துணி 30 முதல் 35 செ.மீ. சதுரம் போதும். வெள்ளையில் சிவப்பு ஸ்ட்ராபெரிகளை வசனம் கேட்பதைவிடச் சற்றுப் பெரிதாகத் தையுங்கள், இல்லாவிட்டால் தொலைவிலிருப்பவர்களுக்கு வெறும் துணிதான் தெரியும். மாற்றுத் துணி இரண்டாவது கைவசம் வேண்டும்.

எமிலியாவைத் திருடி போலப் பதுங்க வைப்பது பல குழுக்கள் செய்யும் தவறு. கணவன் நூறு முறை கேட்டதை எடுத்துக்கொடுத்து அவன் மனத்தைக் குளிர்விக்கவே அவள் நினைக்கிறாள். பூவேலையை நகலெடுக்கும் எண்ணமும் இருக்கிறது. அவளுடைய உண்மையான பொய் அடுத்த காட்சியில்தான். துணி எங்கே போனதென்று தலைவி தவிக்கும்போது “தெரியாது அம்மா” என்கிறாள். அந்த இரண்டு சொற்களுக்கு முன் ஒரு கணம் நிறுத்தச் சொல்லுங்கள்.

இயாகோவாக நடிப்பவர் கண்ணடிக்கவே கூடாது. தொடக்கத்தில் அவன் நேரடிப் பொய் சொல்வதில்லை, ஒத்தெல்லோவின் சொல்லையே கேள்வியாகத் திருப்பித் தருகிறான். காசியோவின் கனவு, துணியால் தாடி துடைத்தது போன்ற துணிச்சலான பொய்கள் பிறகுதான் வருகின்றன. முதலிலேயே வில்லச் சிரிப்புச் சிரித்தால், ஒத்தெல்லோ ஏமாளியாகத் தெரிவான்.

ஒத்தெல்லோவிடமும் ஒரு முரண் உண்டு. மூன்றாம் அங்கத்தில் எகிப்தியப் பெண் தன் தாய்க்குத் தந்த மந்திரத் துணி என்கிறான். ஐந்தாம் அங்கத்தில் தந்தை தாய்க்குக் கொடுத்தது என்கிறான். மனைவியை மிரட்டக் கட்டிய கதையா, அவனே நம்புவதா? நடிகரும் இயக்குநரும் இதை முன்கூட்டியே முடிவு செய்யாவிட்டால் அந்த மிரட்டல் வெறும் கதாகாலட்சேபமாகப் போய்விடும்.

பிரதியைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் தேவை. நான்காம் அங்கத்தில் வரும் வில்லோ பாட்டும், மனைவியர் தவறுவது கணவர்களின் குற்றமே என்று எமிலியா பேசும் பகுதியும் 1623 பதிப்பில் உண்டு, 1622 பதிப்பில் இல்லை. நேரத்தைக் குறைக்க இயக்குநர்கள் முதலில் வெட்டுவதும் இதைத்தான். வெட்டினால், ஐந்தாம் அங்கத்தில் “கணவனுக்குக் கீழ்ப்படிவது முறை, ஆனால் இப்போதல்ல” என்று எமிலியா எழும்போது அந்தத் துணிவு எங்கிருந்து வந்ததென்றே புரியாது. வேறு எதையாவது குறையுங்கள்.

கடைசிக் காட்சியில் எமிலியாவை இயாகோவின் பக்கத்திலிருந்து ஒவ்வோர் அடியாக, ஒத்தெல்லோ கொன்ற டெஸ்டிமோனா கிடக்கும் கட்டில் பக்கம் நகர்த்துங்கள். வாளோடு அவன் பாய்வதற்குள் அவள் சொல்லி முடிக்க வேண்டியது, துணியைத் தானே கண்டெடுத்து அவனிடம் கொடுத்தாள் என்பது. அந்த வரி இசையிலோ கூச்சலிலோ மூழ்கக் கூடாது. தலைவியின் அருகில் கிடத்துங்கள் என்று அவள் கேட்கிறாள், பின்பு ஒத்தெல்லோவும் அங்கேயே விழுகிறான். கட்டில் மூன்று பேரைத் தாங்க வேண்டும்: அகலம் 5 அடிக்குக் குறையாமல், கால்கள் ஆடாமல்.