ஆஸ்பத்திரியில் பெரியவருக்குத் துணைக்குத் தங்குபவர்களுக்கு

நான் தண்டையார்பேட்டைக்காரி. வடசென்னை வார்டுகளில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். துணைக்குத் தங்க வந்ததும் கட்டிலிலிருந்து கழிவறை வரை ஒருமுறை நீங்களே நடந்து பாருங்கள். வயதானவர்கள் நிறைய பேர் விழுவது அந்த வழியில்தான், அதுவும் ராத்திரியில்.

பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு வந்து தரையில் பாய் போட்டுத் தூங்கும் பிள்ளையை எழுப்ப அவர்களுக்கு மனசு வராது. தனியாக எழுந்துவிடுவார்கள். காசிமேட்டு மீனவத் தாத்தாக்கள் இன்னும் மோசம். "கடல்ல படகு மேல நின்னவன், இந்தத் தரையில விழுவேனா?" என்பார்கள். வாதாடாதீர்கள். கேட்கட்டும் என்று காத்திருக்காமல், படுக்கும் முன்பு, நடுராத்திரி, விடியற்காலை என நீங்களே கூட்டிப்போங்கள். லாசிக்ஸ் (உடம்பிலுள்ள நீரை வெளியேற்றும் மருந்து) போட்டிருந்தால் அடுத்த சில மணி நேரம் அடிக்கடி நீர் பிரியும். மாலை டோஸைக் கொஞ்சம் முன்னால் கொடுக்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

படுத்திருப்பவரை அப்படியே தூக்கி நிறுத்தாதீர்கள். கட்டிலோரம் காலைத் தொங்கவிட்டு ஓரிரு நிமிடம் உட்காரட்டும். கணுக்காலை மேலும் கீழும் ஆட்டட்டும். தலை சுற்றினால் மறுபடி படுக்க வைத்துவிட்டு சிஸ்டரைக் கூப்பிடுங்கள். பிரஷர், புராஸ்டேட், தூக்க மாத்திரைகளில் சில இப்படிச் செய்யும். படுத்தபடி ஒருமுறை, நின்று 3 நிமிடத்துக்குள் ஒருமுறை பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 இறங்கினால் மாத்திரையை மாற்றுவதா என்று டாக்டர் யோசிப்பார். சிஸ்டர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, கேளுங்கள்.

நடக்கும்போது பலவீனமான பக்கம் நில்லுங்கள். டிரிப் ஸ்டாண்டைப் பிடித்து நடக்க விடாதீர்கள், அது உருண்டு ஓடும். லுங்கியைக் கணுக்காலுக்கு மேல் கட்டுங்கள். தேய்ந்த ஹவாய் செருப்பு வேண்டாம், பின்பட்டை வைத்தது வாங்குங்கள். கண்ணாடி கைக்கு எட்டட்டும்.

கட்டிலின் பக்கக் கம்பியை ஏற்றிவிட்டால் போதும் என்று சிலர் டீ குடிக்கப் போகிறார்கள். மனம் குழம்பியவர் அதன் மேலேறி இன்னும் உயரத்திலிருந்து விழுவார். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று ஆள் தெரியாமல் உளறினால் வயசுக் கோளாறு என்று விடாமல் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

அப்புறம், விழுந்துவிட்டால்? பக்கத்துக் கட்டில்காரர்கள் தூக்க ஓடி வருவார்கள், தடுங்கள். இடுப்பு எலும்பு முறிந்திருக்கலாம். சிஸ்டர் வந்து பார்க்கும்வரை அப்படியே இருக்கட்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் அதை முதலில் சொல்லுங்கள். தலையில் அடிபட்டு நன்றாகப் பேசிக்கொண்டிருப்பவருக்கும் சில மணி நேரம் கழித்து உள்ளே ரத்தக்கசிவு தெரியவரலாம்.