மீடிறன் அலகுகளை மாற்றுவது எப்படி: ஒரு ஃபைபர் வள்ளத்தை வைத்தே பார்க்கலாம்

ஒரு மீன்பிடி வள்ளத்துக்குள் மீடிறன் எத்தனை வேடத்தில் இருக்கிறது பாருங்கள். என்ஜின் மீற்றரில் ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று. தண்ணீருக்கடியில் மீனையும் அடித்தளத்தையும் காட்டும் ஃபிஷ் ஃபைண்டரில் கிலோஹேர்ட்ஸ். வீஎச்எஃப் ரேடியோவில் மெகாஹேர்ட்ஸ். கடல் நிலவரம் பார்க்கும் ஆப்பில் "அலை 8 செக்கன்". திருக்கடலூரில் மாமாவின் வள்ளத்துக்கு இதையெல்லாம் பூட்டிக் கொடுத்தபோது அவர் கேட்டார்: "தம்பி, இதில இருநூறு எண்டு கிடக்கு, ரேடியோவில நூற்றைம்பத்தாறு எண்டு கிடக்கு. அப்ப இதுதானே பெரிசு?"

இல்லை. ஃபிஷ் ஃபைண்டரின் 200 கிலோஹேர்ட்ஸ். ரேடியோவின் 16ஆம் சனல் 156.8 மெகாஹேர்ட்ஸ். அதைக் கிலோவாக்கினால் 156,800. ரேடியோதான் 784 மடங்கு பெரியது. அன்று அவருக்கு விளக்கிய வரிசையிலேயே இங்கும் எழுதுகிறேன். மீடிறன் என்றால் ஒரு செக்கனுக்கு எத்தனை தரம், செக்கனுக்கு ஒரு தரம் என்றால் ஒரு ஹேர்ட்ஸ் என்பது மட்டும் தெரிந்திருந்தால் போதும்.

படி 1: கிலோ, மெகா, கிகா

ஆயிரம் ஹேர்ட்ஸ் ஒரு கிலோஹேர்ட்ஸ், ஆயிரம் கிலோ ஒரு மெகா, ஆயிரம் மெகா ஒரு கிகா. சின்ன அலகுக்கு இறங்கினால் புள்ளியை மூன்று இடம் வலப்பக்கம் தள்ளுங்கள், பெரிய அலகுக்கு ஏறினால் இடப்பக்கம். ஜிபிஎஸ் செய்மதி அனுப்பும் 1575.42 மெகாஹேர்ட்ஸ், 1.57542 கிகாஹேர்ட்ஸ் ஆகிறது. அவ்வளவுதான்.

கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஆங்கிலத்தில் எழுதும்போது பெரிய எம் போட்டால் மெகா, சின்ன எம் போட்டால் மில்லி. இரண்டுக்கும் இடையே நூறு கோடி மடங்கு. கடல் அலை படிப்பவர்கள் உண்மையிலேயே மில்லிஹேர்ட்ஸ் பாவிப்பதால், ஒரு கட்டுரையில் சின்ன எம்மைக் கண்டால் அச்சுப்பிழை என்று நினைத்துவிட வேண்டாம். பழைய வானொலிப் பெட்டியில் "கேசி" என்று இருந்தால் அது கிலோ சைக்கிள், கிலோஹேர்ட்ஸேதான். எண்ணை மாற்றத் தேவையில்லை. ஹேர்ட்ஸ் என்ற பெயர் சர்வதேச அலகு முறையில் ஏறியது 1960இல்தான்.

படி 2: ஆர்பிஎம்

நிமிடக் கணக்கைச் செக்கன் கணக்காக்க 60ஆல் வகுக்க வேண்டும். 4500 ஆர்பிஎம் என்றால் 75 ஹேர்ட்ஸ். நாடித்துடிப்பும் இப்படித்தான்: நிமிடத்துக்கு 72 என்றால் 1.2 ஹேர்ட்ஸ்.

மின்வெட்டு நேரம் ஜெனரேற்றர் ஓடவிடுபவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் வரும். 1500 ஆர்பிஎம் ஜெனரேற்றரை 60ஆல் வகுத்தால் 25தான் வருகிறது, ஆனால் வீட்டுக்கு வருவது 50 ஹேர்ட்ஸ். கணக்கு பிழையில்லை. அச்சு செக்கனுக்கு 25 தரம்தான் சுற்றுகிறது. உள்ளே நான்கு காந்த முனைகள், அதாவது இரண்டு சோடி இருப்பதால் ஒரு சுற்றுக்கு மின்சாரம் இரண்டு தரம் ஏறி இறங்குகிறது. முனைகளின் எண்ணிக்கையை ஆர்பிஎம்மால் பெருக்கி 120ஆல் வகுத்தால் சரியான விடை வரும். இரண்டு முனை மட்டும் உள்ள சின்னப் பெற்றோல் ஜெனரேற்றர்கள் 3000இல் ஓட வேண்டியிருப்பதும் இதனால்தான். அவை போடும் சத்தத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

உயர்தரம் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு: கோண வேகம் வேண்டுமென்றால் ஹேர்ட்ஸை 2π ஆல் பெருக்குங்கள். 50 ஹேர்ட்ஸ், செக்கனுக்கு 314 ஆரையன்.

படி 3: செக்கனிலிருந்து ஹேர்ட்ஸ்

இதுவரை பெருக்கலும் வகுத்தலும். இனித் தலைகீழாக்க வேண்டும். ஒரு அலை வந்து அடுத்தது வர 8 செக்கன் என்றால் ஒன்றை எட்டால் வகுக்க 0.125 ஹேர்ட்ஸ், அதாவது 125 மில்லிஹேர்ட்ஸ். செக்கன் கூடினால் ஹேர்ட்ஸ் குறையும்.

பூச்சியங்களோடு மல்லுக்கட்டாமல் இருக்க இந்தச் சோடிகளை நினைவில் வையுங்கள்: கிலோவின் தலைகீழ் மில்லிசெக்கன், மெகாவின் தலைகீழ் மைக்ரோசெக்கன், கிகாவின் தலைகீழ் நனோசெக்கன். 200 கிலோஹேர்ட்ஸ் என்பது 0.2 மெகா, ஒன்றை 0.2ஆல் வகுத்தால் 5. எனவே 5 மைக்ரோசெக்கன். 50 ஹேர்ட்ஸ் 0.05 கிலோ, எனவே 20 மில்லிசெக்கன்.

படி 4: அலைநீளம்

இங்கேதான் நிதானமாக நிற்க வேண்டும்.

ரேடியோக்காரர்கள் எல்லோரும் சொல்லும் குறுக்குவழி, 300ஐ மெகாஹேர்ட்ஸால் வகுத்தால் மீற்றர் வரும் என்பது. ஒளியின் வேகம் செக்கனுக்கு 299,792,458 மீற்றர் என்பதால், அதை முப்பது கோடி என்று முழுமையாக்கியதில் வந்த 300 அது. ஆயிரத்தில் ஒரு பங்கு கூடப் பிழை வராது. ஜெர்மனியின் டொய்ச்ச வெல்ல வானொலிக்குத் திருகோணமலையில் மறு ஒலிபரப்பு நிலையம் இருந்தது. 2013இல்தான் அது இலங்கையிடம் கைமாறியது. அங்கிருந்து மத்திய அலையில் ஒலித்தது 1548 கிலோஹேர்ட்ஸ். மெகாவாக்கினால் 1.548. 300ஐ இதனால் வகுத்தால் 194 மீற்றருக்குச் சற்றுக் குறைவு. திரும்பி வரவும் அதே 300தான்: பழைய பெட்டியில் சிற்றலை "31 மீற்றர்" என்று எழுதியிருந்தால், 300ஐ 31ஆல் வகுக்க ஏறத்தாழ 9.7 மெகாஹேர்ட்ஸ்.

சரி, அதே குறுக்குவழியை ஃபிஷ் ஃபைண்டருக்குப் போடுங்கள். 200 கிலோ என்பது 0.2 மெகா. 300ஐ 0.2ஆல் வகுத்தால் 1500 மீற்றர். ஒன்றரைக் கிலோமீற்றர் நீள அலையை வைத்து ஒரு சூரை மீனை எப்படிப் பார்ப்பது? வகுத்தது சரிதான், வேகம்தான் பிழை. ஃபிஷ் ஃபைண்டர் அனுப்புவது ரேடியோ அலையல்ல, ஒலி. கடல்நீரில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 1500 மீற்றர் ஓடும். (மேலே வந்த 1500உம் இந்த 1500உம் தற்செயலாக ஒத்துப்போகின்றன, குழம்ப வேண்டாம்.) 1500ஐ 200,000ஆல் வகுத்தால் 0.0075 மீற்றர், அதாவது ஏழரை மில்லிமீற்றர். அதே கருவியை 50 கிலோஹேர்ட்ஸுக்கு மாற்றினால் 3 சென்ரிமீற்றர்.

இந்த வித்தியாசம் கடலில் உடனே தெரியும். சின்ன அலைக்குச் சின்ன மீனும் தெரியும், ஆனால் தண்ணீர் அதைச் சீக்கிரம் உறிஞ்சிவிடும். கொட்டியார்க்குடாவில் கரையோடு ஒட்டி 200 வைத்து ஓடலாம். கடலடிப் பள்ளத்தாக்கின் பக்கம் போய் அடித்தளம் சரேலென்று இறங்கும் இடத்தில் 50க்கு மாற்றாவிட்டால் திரையில் அடியே தெரியாது.

ஆகவே மீடிறனை அலைநீளமாக்கும் முன் கேட்க வேண்டிய ஒரே கேள்வி, ஓடுவது எது, எதற்குள் ஓடுகிறது என்பதுதான். ரேடியோவோ ஒளியோ காற்றில் ஓடினால் 300 மந்திரம். கடலுக்குள் ஒலி என்றால் 1500. காற்றில் ஒலி என்றால் நம் ஊர் வெக்கைக்கு 350 அளவு. ஒரு ஹேர்ட்ஸுக்கு ஒரே அலைநீளம் என்று எங்கும் கிடையாது. அதனால்தான் வேகத்தைக் கேட்காமல் அலைநீளம் தரும் மாற்றி ஆப்களை நான் நம்புவதில்லை. அவை சத்தமில்லாமல் ஒளியின் வேகத்தைப் போட்டுவிடுகின்றன.

எதை வைத்துக் கணக்குப் போடுவது?

என் தெரிவு, ஈஎன்ஜி பொத்தான் உள்ள கேசியோ கல்குலேட்டர். விடை வந்தபின் அதை அமுக்கினால் அடுக்குகள் மூன்று மூன்றாக மாறும். கிலோ, மெகா என்று அப்படியே வாசிக்கலாம். விளம்பரம் துள்ளும் இணைய மாற்றிகளைவிட கூகுள் தேடல் பெட்டி மேல். ஆனால் கரையை விட்டுக் கொஞ்சம் போனாலே சிக்னல் போய்விடும். ஆகவே மாமாவின் வள்ளத்தில் ரேடியோப் பெட்டியின் மூடிக்குள் அழியாத மார்க்கரால் 60, 300, 1500 மூன்றையும் எதற்கு எது என்று எழுதிவிட்டேன்.

பிற்சேர்க்கை 1: கிண்ணியாவிலிருந்து ஒரு வாசகர், "4500 ஆர்பிஎம்மில், சத்தத்தைக் கேட்டு மீடிறன் காட்டும் போன் ஆப் 75க்குப் பதில் 150 ஹேர்ட்ஸ் காட்டுகிறதே" என்று கேட்டிருந்தார். அவருடையது இரண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக். ஒரு சுற்றுக்கு ஒவ்வொரு சிலிண்டரும் ஒரு தரம் வெடிக்கும், ஆக 75இன் இரு மடங்கு. ஆப் கேட்பது வெடிப்பைத்தான், சுற்றலை அல்ல. ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒரு தரம்தான் வெடிக்கும். ஆகவே அதே இரண்டு சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக்காக இருந்தால் 75 காட்டும்.

பிற்சேர்க்கை 2: வீஎச்எஃப் அன்ரனாவின் நீளத்தை இதே முறையில் கணிக்கலாமா என்று இன்னொருவர் கேட்டார். கணிக்கலாம். 300ஐ 156.8ஆல் வகுக்க 1.91 மீற்றர், அரை அலை 96 சென்ரிமீற்றர். கடையில் வாங்கும் அன்ரனாக்கள் பல ஒரு மீற்றருக்குக் கிட்ட இருப்பது அதனால்தான். நீங்களே கம்பி வெட்டுவதானால், கம்பியில் அலை சற்று மெதுவாக ஓடுவதுபோல நடந்துகொள்ளும். கணித்த நீளத்தில் 100க்கு 5 அளவு குறைய வேண்டிவரும். முதலில் நீளமாகவே வெட்டி, அன்ரனாவிலிருந்து எவ்வளவு அலை திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் மீற்றரைப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள்.