முன்பின் தெரியாதவரிடம் இயேசுவைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வசனம் தெரியாமல் தடுமாறுவதால் கெடும் உரையாடல்கள் குறைவு. எழுந்து போக முடியாத ஆளிடம் பேசுவதால் கெடுபவையே அதிகம். சுவிசேஷம் கேட்பதற்கு எவ்வளவு உரிமை உண்டோ, கேட்காமல் நகர்ந்துவிடவும் ஒருவருக்கு அவ்வளவு உரிமை உண்டு. ஊழியத்துக்குக் கிளம்பும் குழு இதை மறந்தால் மற்றதெல்லாம் வரிசையாகத் தப்பும்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதிலேயே முதல் தவறு நடக்கிறது. ஓடும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர், கல்லாவில் நிற்கும் கடைக்காரர், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருப்பவர் ஆகியோரால் விலகிப் போக முடியாது. தலையாட்டுவார்கள், ஆனால் அது மரியாதைக்காக. பஸ் ஸ்டாண்டு, கடற்கரை, டீக்கடை பெஞ்சு பரவாயில்லை. பிடிக்காவிட்டால் கிளாஸை வைத்துவிட்டுக் கிளம்பலாம். ரயிலில் பேச்சு தானாக அந்தப் பக்கம் திரும்பினால் பேசுங்கள். அவர் போனை எடுத்துவிட்டாலோ, பதிலுக்கு வெறும் ‘ம்’ மட்டும் வந்தாலோ அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நேர் எதிரே நின்று வழியை மறிக்காதீர்கள். ஒரு கை நீளத்துக்குச் சற்று அதிகமாகத் தள்ளி, பக்கவாட்டில் நில்லுங்கள். இரண்டு பேர் போதும், நான்கு பேர் சூழ்ந்தால் யாருக்கும் பயம்தான் வரும். ஒருவர் பேசும்போது கூட வந்தவர் குறுக்கே வசனம் எடுத்துக் கொடுக்கக் கூடாது. தனியாக நிற்கும் பெண்ணிடம் பெண்களே பேசட்டும்.

எடுத்த எடுப்பில் “இன்னைக்கு ராத்திரி செத்தா எங்கே போவீங்க?” என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சமாரியப் பெண்ணிடம் இயேசு முதலில் சொன்னது “தாகத்துக்குத் தா” என்றுதான் (யோவான் 4). ‘சர்வே எடுக்கிறோம்’ என்று ஆரம்பித்துவிட்டுக் கடைசியில் கைப்பிரதியை (சுவிசேஷத் துண்டுப் பிரசுரத்தை) நீட்டுவது அதைவிட மோசம், அது பொய். நேராகச் சொல்லிவிடுங்கள்: “அண்ணே, பக்கத்துச் சர்ச்சுல இருந்து வர்றோம். இயேசுவைப் பத்தி ரெண்டு நிமிஷம் பேசலாமா? வேண்டாம்னாலும் ஒண்ணுமில்லை.” யார், எதைப் பற்றி, எவ்வளவு நேரம் என்பது மூன்றும் இதில் வந்துவிடுகிறது. அவர் ‘வேண்டாம்’ என்றால் “சரிங்கண்ணே, வர்றோம்” என்று நகருங்கள். ‘ஏன் வேண்டாம்?’ என்று கேட்கவே கூடாது. ஒத்துக்கொண்டவரிடமும் இரண்டு நிமிடம் முடிந்ததும், தொடரலாமா என்று கேளுங்கள்.

‘இரட்சிக்கப்பட்டு அபிஷேகம் பெற்ற விசுவாசி’ என்பது சபைக்குள் புரியும், பஸ் ஸ்டாண்டில் புரியாது. ‘தப்பு செஞ்ச பாரம் மனசுல இருந்துச்சு, மன்னிப்பு கிடைச்சுது’ என்றால் யாருக்கும் புரியும்.

எதிரில் இருப்பவரின் சாமியை இழுத்துப் பேசுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. நெற்றியில் இருக்கும் விபூதியைச் சுட்டிக்காட்டி ஒரு வார்த்தை சொன்னாலே காது மூடிவிடும், கூட்டமும் கூடிவிடும். அத்தேனே (ஏதென்ஸ்) பட்டணம் முழுக்க விக்கிரகங்களைக் கண்டு அப்போஸ்தலர் பவுலின் ஆவி வைராக்கியமடைந்தது. ஆனாலும் மேடையில் நின்றபோது அவர்களுடைய பலிபீடத்திலிருந்தும் அவர்களுடைய புலவர்களின் வரியிலிருந்துமே பேசினார் (அப்போஸ்தலர் 17). 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தமிழ் கற்றார். இங்குள்ளவர்களிடம் அவர்கள் நம்பிக்கையைப் பற்றிக் கேள்விகள் கேட்டு, கடிதமாகவே பதில் வாங்கினார். எதிரில் இருப்பவர் எதை நம்புகிறார் என்று நாம் ஒரு கேள்வியாவது கேட்க வேண்டாமா?

நோயாளிகளிடம் இரட்டைக் கவனம் வேண்டும். வார்டுக்குள் போவதற்கு முன் அங்குள்ள நர்ஸிடம் அனுமதி கேளுங்கள். ஜெபிக்கலாமா என்று நோயாளியிடமே கேளுங்கள்; தலையில் கை வைக்காமல், மெல்லிய குரலில், ஒரு நிமிடத்துக்குள் முடியுங்கள். ‘நிச்சயம் சுகமாகும்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ‘விசுவாசம் இருந்தா மாத்திரை எதுக்கு?’ என்ற பேச்சு உயிரையே வாங்கிவிடும். காசநோய்க்கு வழக்கமான சிகிச்சை 6 மாதம். பாதியில் விட்டால் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயாக மாறலாம். வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு அடுக்கடுக்காக வரக்கூடும். “மாத்திரையை விடாதீங்க, நாங்களும் ஜெபிக்கிறோம்” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு வாருங்கள்.

பெற்றோர் இல்லாத பிள்ளைகளிடம் பேசவே வேண்டாம். பள்ளி வாசலில் மிட்டாயோடு கைப்பிரதி கொடுப்பதும் கூடாது. அரிசி, வேலை, கல்லூரி சீட்டு என எந்த உதவியையும் சுவிசேஷத்தோடு முடிச்சுப் போடாதீர்கள். பசித்தவருக்குச் சோறு போடுவது வேறு வேலை, அதை வேறு நாளில் செய்யுங்கள்.

அரசியலமைப்பின் 25-வது பிரிவு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரத்துக்கு உட்பட்டு, மதத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. தன் மதக் கருத்துகளை எடுத்துச் சொல்வதே அந்த உரிமை, இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அதில் இல்லை என்று 1977-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 2002-ல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004-ல் விலக்கப்பட்டது. உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், குஜராத், ஒடிசாவில் இத்தகைய சட்டங்கள் உண்டு. ஒலிபெருக்கிக்கு எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். யாராவது கோபமாக வந்தால் இந்தப் பிரிவுகளை ஒப்பிக்காதீர்கள். “மன்னிச்சுக்கோங்க, கிளம்புறோம்” என்று சொல்லிக் கிளம்புங்கள். போனில் வீடியோ எடுக்க வேண்டாம்.

கைப்பிரதி ஒன்று போதும், அதையும் பேசி முடித்த பிறகு கொடுங்கள். பின்பக்கம் சபையின் முகவரி இருக்க வேண்டும். கீழே வீசப்பட்டவற்றைப் பொறுக்கிக்கொண்டு கிளம்புங்கள். அவருடைய நம்பரைக் கேட்காதீர்கள். சபையின் நம்பரைக் கொடுங்கள். தேவைப்பட்டால் அவரே கூப்பிடுவார்.