மக்காச்சோளப் படைப்புழு: கோட்டை விடுவது முதல் இருபது நாளில்தான்

"குருத்துக்குள்ள மரத்தூள் மாதிரி கொட்டிக் கிடக்கு, என்ன மருந்து அடிக்கலாம்ண்ணே?" புரட்டாசியில் விதைத்த சோளம் முழங்கால் உயரம் வந்ததும் பெரம்பலூர் பக்கம் காதில் விழும் கேள்வி இது. அந்த மரத்தூள் புழுவின் எச்சம். தெருவில் நின்று பார்த்தாலே தெரிகிற அளவு அது சேர்ந்துவிட்டால், உள்ளே இருப்பது விரல் நீளப் புழு. மருந்து அடித்திருக்க வேண்டிய நாள் எப்போதோ கடந்துவிட்டது.

அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த இந்தப் படைப்புழு 2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்காவில் கண்டுபிடிக்கப்பட்டது. அதே ஆண்டில் தமிழ்நாட்டுக்கும் வந்துவிட்டது. அதுவரை மக்காச்சோளத்தில் நாம் பெரிதாக அஞ்சியது தண்டுத்துளைப்பானுக்குத்தான். இன்றைக்கும் பலர் இரண்டையும் ஒன்றாக நினைத்து வைத்தியம் பார்க்கிறார்கள். தண்டுத்துளைப்பான் கடித்த இலை விரியும்போது ஊசியால் குத்தியதுபோல் சின்னச் சின்ன ஓட்டைகள் வரிசையாக இருக்கும். பிறகு நடுக்குருத்து காய்ந்துபோகும். படைப்புழு தின்ற இலை நார்நாராகக் கிழிந்து கிடக்கும். சந்தேகம் வந்தால் குருத்தைப் பிரித்துப் புழுவையே வெளியே எடுத்துவிடுங்கள். தலையில், இரு கண்ணுக்கு நடுவே, ஆங்கில 'ஒய்' எழுத்தைத் தலைகீழாக வரைந்ததுபோல் வெளிறிய கோடு இருக்கும். வால் பக்கம் நான்கு கரும்புள்ளிகள் சதுரமாக நிற்கும். இரண்டும் இருந்தால் படைப்புழுவேதான்.

பெரிய தவறு, புழு கண்ணுக்குத் தெரியட்டும் என்று காத்திருப்பது. தாய்ப்பூச்சி இரவில் வந்து இலையில் நூறு, இருநூறு முட்டைகளைக் குவியலாக இட்டு, தன் உடம்பின் செதில்களால் மூடிவிட்டுப் போகும். பார்க்கப் பூசணம் பிடித்த பஞ்சுபோல இருக்கும். இரண்டு மூன்று நாளில் பொரிக்கும் குஞ்சுப்புழு இலையைத் துளைப்பதில்லை. பச்சையை மட்டும் சுரண்டித் தின்னும். வெயிலுக்கு எதிரே அந்த இலையைப் பிடித்தால் வெள்ளைத்தாள் ஒட்டியதுபோல் வெளிச்சம் தெரியும். நீங்கள் தேட வேண்டியது இந்த வெள்ளைத் திட்டைத்தான். இந்தப் பருவத்தில் வேப்பெண்ணெய் மருந்துக்கே புழு அடங்கும். ஒரு வாரம் விட்டுவிட்டால் குருத்துக்குள் இறங்கிவிடும். ஆயுள் முழுக்கத் தின்னும் தீனியில் பெரும்பங்கைக் கடைசிப் பருவத்தில்தான் தின்கிறது. அதனால்தான் நேற்று நன்றாக இருந்த காடு இன்றைக்கு மாடு மேய்ந்ததுபோல் தெரிகிறது.

விதை முளைத்ததும் வாரம் இரண்டு தடவை காட்டுக்குள் நடங்கள். வரப்போரம் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பக் கூடாது. ஐந்து இடத்தில் இருபது இருபது செடி பாருங்கள், மொத்தம் நூறு. இளம்பயிரில் ஐந்து செடியில் சேதம் இருந்தால் மருந்து எடுக்கலாம். குருத்து வளர்ந்த பயிரில் பத்து வரை பொறுக்கலாம்.

அடிக்கும் விதத்திலும் தவறு நடக்கிறது. பகலில் புழு குருத்தின் அடியில் பதுங்கியிருக்கும். உச்சி வெயிலில் பவர் ஸ்பிரேயரை மேலே வீசிக்கொண்டு போனால் நனைவது இலைதான், புழு அல்ல. சாயங்காலம் அடியுங்கள், முனையைக் குருத்துக்குள் காட்டி அடியுங்கள். லிட்டருக்கு எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்ஜி (நீரில் கரையும் குருணை) என்றால் 0.4 கிராம், குளோரான்ட்ரானிலிப்ரோல் 18.5 எஸ்சி (கெட்டித் திரவம்) என்றால் 0.4 மில்லி, ஸ்பினிடோரம் 11.7 எஸ்சி என்றால் 0.5 மில்லி. ஒன்று போதும். மூன்று மருந்தை ஒரே டேங்கில் கலக்குவதும், ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிப்பதும் புழுவுக்கு எதிர்ப்புச் சக்தியைத்தான் வளர்க்கும். செடியின் உச்சியில் கொண்டைப்பூ (ஆண் பூ) வந்தபிறகு அடிக்கும் ரசாயனம் வீண்செலவு. கதிர்மட்டைக்குள் இருக்கும் புழுவை அது தொடாது.

இனக்கவர்ச்சிப் பொறியைப் பற்றி ஒரு வார்த்தை. அது ஆண் பூச்சியை மட்டும்தான் இழுக்கும். ஏக்கருக்கு ஐந்து வைத்தால் பூச்சி வரத்து தெரியும். அதுவே பயிரைக் காப்பாற்றிவிடாது. நிலக்கடலையைத் தின்னும் புரொடீனியா புழுவுக்கு விற்கும் கவர்ச்சிக் குப்பியை இதற்கு மாட்டினால் பொறி காலியாகவே கிடக்கும், நாம் பூச்சி இல்லை என்று நம்பி ஏமாறுவோம். வாங்கும்போது மக்காச்சோளப் படைப்புழுவுக்கு என்று கேட்டு வாங்குங்கள். விதையும் அப்படித்தான். சாயம் ஏறிய விதையெல்லாம் பூச்சிமருந்து பூசி நேர்த்தி செய்தது இல்லை, பலவற்றில் பூசணக்கொல்லி மட்டுமே இருக்கும். சயன்ட்ரானிலிப்ரோலும் தயமீத்தாக்சமும் கலந்த மருந்தைக் கிலோவுக்கு 4 மில்லி வீதம் நேர்த்தி செய்தால் முதல் இரண்டு மூன்று வாரத்துக்குக் காவல்.

இலையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்து, விறைத்துச் செத்து ஒட்டியிருக்கும் புழுக்களைப் பார்த்தால் உடனே ஸ்பிரேயரைத் தூக்காதீர்கள். அது நன்மை செய்யும் பூசணம் தாக்கிய புழு. மழை ஈரம் நீடித்தால் அந்தப் பூசணம் காடு முழுக்கப் பரவும். வரப்பில் தட்டைப்பயறோ எள்ளோ விதைத்திருந்தால் பொறிவண்டும் குளவியும் தங்க இடம் கிடைக்கும்.

அறுவடை முடிந்த காட்டை அப்படியே போட்டு வைக்காதீர்கள். புழு மண்ணுக்குள் இரண்டு மூன்று அங்குல ஆழத்துக்குள்தான் கூட்டுப்புழுவாகக் கிடக்கும். கோடை உழவில் அது மேலே புரண்டு வந்தால் வெயிலும் கொக்கும் மைனாவும் பார்த்துக்கொள்ளும். கடைசி உழவில் ஏக்கருக்கு நூறு கிலோ வேப்பம்புண்ணாக்கு போடுங்கள். அக்கம்பக்கத்துக் காட்டுக்காரர்களோடு பேசி, பத்து நாள் இடைவெளிக்குள் எல்லோரும் விதைத்துவிடப் பாருங்கள். பிந்தி விதைத்தவன் காட்டில்தான் சுற்றுவட்டாரப் பூச்சி மொத்தமும் வந்து இறங்கும்.